ஒன்பதரையும் பத்தும் ஒண்ணா?

செகண்ட்ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கதவை இரண்டு தடவை திறந்து அடித்துச் சாத்துவார்கள். ஹார்னை அமுக்குவார்கள். டயரை ஓர் உதை. "மைலேஜ் என்ன தரும்?" என்று ஒரு கேள்வி. பிறகு ஏ.ஸி.யைப் போட்டு மூஞ்சியைக் காட்டுவார்கள். "சார், இது நிற்குமா?" என்று கேட்ட ஆசாமியை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஓடுகிற வண்டி நிற்காமலா போய்விடும் என்ற தெய்வ நம்பிக்கை!

நிற்கிற சமாசாரம் பூராவும் ஒரு குழாயில் இருக்கிறது. பென்சிலைவிட ஒல்லியான குழாய். நீங்கள் காலால் பெடலை அமுக்குகிறீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் அமுங்குகிறது. அடைத்த பாத்திரத்தில் திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் எல்லா இடத்திலும் அதே அழுத்தம் பரவும் என்று பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அழுத்தம் குழாய் வழியே ஓடிப் போய் சக்கரத்தைப் பிடிக்கிறது. அவ்வளவுதான் பிரேக்.

எவ்வளவு அழுத்தம்? டயரில் நாம் அடிக்கிற காற்று சதுர இஞ்சுக்கு 30 பவுண்டு சொச்சம். குறுக்கே மாடு வந்து நாம் அலறிக்கொண்டு மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் 1000 பவுண்டைத் தாண்டும். இவ்வளவையும் தாங்குகிற குழாயை வண்டி வாங்குகிறவரும் பார்ப்பதில்லை, விற்கிறவரும் பார்ப்பதில்லை.

என் நண்பர் ஒருவர் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் அதைத் தேடி நாலு மாதம் சென்னையை அளந்தார்.

* * *

நண்பரிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை: இது அசல் மெட்ராஸ் கார். 1960-களில் வண்டலூரில் தயாரானது. ஆமாம், சிங்கம் புலி பார்க்கப் போகிறோமே, அதே வண்டலூர்தான். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இந்தியத் தம்பி. உருவம் கொடுத்தவர் மிகேலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முதலை வாய் மாதிரி திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஹாயாக வேலை பார்க்கலாம். அழகான வண்டி. ஒரே குறை, நிறுத்துவதற்கு முன்கூட்டியே மனு போட வேண்டும்.

நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். மூடிய டப்பாவுக்குள் ஷூ உரசுவதால் சூடு வெளியே போகாது. நாலைந்து தடவை தொடர்ந்து மிதித்தால் பிடிப்பு குறையும். ஏற்காடு மலையிலிருந்து இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளியே காற்றில் சுற்றுகிறது. இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி பிடித்தால் போதும். சூடு தானாக ஆறிவிடும். 1953-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்த பிறகு உலகமே இந்தப் பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கே 1960-களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்துவிட்டது.

நண்பரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாட்ட முடிவு செய்தார். இதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, சொந்தத்தில் சம்பந்தம். அதே ட்ரையம்ஃப் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் காரின் முன்பக்க டிஸ்க் சாமான்கள் ஹெரால்டுக்குச் சேரும். இங்கிலாந்தில் பழைய ட்ரையம்ஃப் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. பிரேக் பைப் அளவு வெட்டி, நட்டு போட்டு, ஒரு செட்டாகவே கட்டி அனுப்புவார்கள். அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம்தான் என்பதால் நமக்கும் பொருந்தும். ஆனால் கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தால் அந்தக் காசில் ஒரு தங்கச் சங்கிலி வாங்கலாம் (என்று நண்பரின் மனைவி சொன்னார்).

இரண்டாவது வழி, அந்நியத்தில் சம்பந்தம். உள்ளூரில் கொட்டிக் கிடக்கிற மாருதி டிஸ்க்கையும் காலிபரையும் வாங்கி, லேத்தில் ப்ராக்கெட் செய்து மாட்டுவது. நண்பர் இதைத்தான் பிடித்தார். லேத்காரர் நல்ல கெட்டிக்காரர். டிஸ்க், காலிபர் எல்லாம் மூன்றே நாளில் உட்கார்ந்துவிட்டன. "பைப்தானே, நாளைக்கு வாங்கிடலாம்" என்றார் நண்பர்.

அந்த 'நாளை' வருவதற்கு நாலு மாதம் ஆயிற்று.

* * *

முதலில் ஜி.பி. ரோடு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் கருவறை. கவுண்ட்டரில் இருந்த பையன் ரொம்ப மரியாதையானவன்.

"தம்பி, ஹெரால்டுக்கு பிரேக் பைப் இருக்கா?"

"ஹெரால்டா? அது டாடாவா, மஹிந்திராவா சார்?"

வண்டலூரிலிருந்து ஒரு சிங்கம் கர்ஜித்திருக்கும்.

அடுத்து புதுப்பேட்டை. ஒரு கார் உள்ளே போனால் அரை மணியில் ஆயிரம் துண்டாக வெளியே வரும் என்று பெயர் வாங்கிய பேட்டை. அங்கே ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இருந்துச்சே சார். முன்னாடி வந்திருக்கணும் நீங்க" என்றார்.

"எப்போ?"

"எண்பத்தொம்பதுல."

மூன்றாவதாக ஏ.ஸி. மெக்கானிக். "எதுக்கு சார் அலையறீங்க? நம்மகிட்ட செம்பு ட்யூப் சுருள் சுருளா இருக்கு. எவ்ளோ அடி வேணும்?" கேட்கக் கல்கண்டாக இருந்தது. ஆனால் ஏ.ஸி. செம்பு என்பது வேறு வேலைக்குப் பிறந்தது. வளைக்க சுகம், பளபளவென்று அழகு. காரின் அடியில் ஓயாத அதிர்வில் களைத்துப்போய் என்றைக்காவது ஒரு நாள் மயிரிழையாக விரிசல் விடும். அதோடு, ஏ.ஸி.க்காரர்கள் குழாய் முனையை ஒரே ஒரு தடவை விரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். பிரேக் குழாய்க்கு விரித்த முனையை மறுபடி உள்ளே மடித்து இரட்டையாக்க வேண்டும், வேட்டி ஓரத்தை மடித்துத் தைக்கிற மாதிரி. ஒற்றை மடிப்பு பிரேக்கின் அழுத்தத்துக்குத் தாங்காது, கிழியும்.

நான்காவதாக, பொக்லைன் வண்டிகளுக்கு ஹோஸ் செய்கிற கடை. "சார், இது பாறையைத் தூக்கற ஹோஸு. உங்க டப்பா வண்டிக்குத் தாங்காதா?" அழுத்தம் தாங்கும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஹோஸின் உள் ரப்பர் கனிம எண்ணெய்க்கானது. நாம் 'பிரேக் ஆயில்' என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகை திரவம். அந்த ரப்பரை அது ஊறவைத்து உப்பவைத்து நாசம் செய்துவிடும். பிரேக் ஹோஸின் ரப்பர் ஜாதி வேறு.

இந்தக் கூத்தெல்லாம் எந்த ஊரில்? பாடியில் 1962-லேயே பிரேக்ஸ் இந்தியா கம்பெனி ஆரம்பித்த ஊரில். புதுக் காருக்குக் கப்பல் கப்பலாக பிரேக் செய்கிற பட்டணத்தில் ஒரு கிழட்டுக் காருக்கு இரண்டு அடிக் குழாய் கிடைக்கவில்லை.

* * *

இங்கேதான் ஷெட் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "ஹெரால்டோட பழைய பைப்பையே மாருதி ஹோஸ்ல திருகிடலாம் சார். பாருங்க, எப்படி போகுதுன்னு!"

உண்மையிலேயே போயிற்று. கையாலேயே சர்ரென்று உள்ளே போயிற்று. ஸ்பானர் போட்டுக் கடைசியில் ஒரு திருகு. இறுகின மாதிரியும் இருந்தது. லேசாகக் கசிந்தபோது பிளம்பர் பாணியில் மரையில் வெள்ளை டேப் சுற்றினார்கள். கசிவு நின்றது. நண்பர் முகத்தில் பௌர்ணமி.

நல்லவேளையாக, வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் ஷெட்டிலேயே பலமாக ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். 'டப்' என்று ஒரு சத்தம். நட்டு பிடுங்கிக்கொண்டு வந்து, பிரேக் ஆயில் எதிர்ச் சுவரில் அபிஷேகம். பெடல் தரையோடு படுத்துவிட்டது. புதிதாகப் பெயிண்ட் அடித்த மட்கார்டில் தெறித்த இடமெல்லாம் பெயிண்ட் உரிந்தது (பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்).

பெயிண்ட் போனது பெரிதில்லை. ஹெரால்டு மாதிரிப் பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். இன்றைய கார்களில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். பழைய வண்டியில் எங்கேயாவது ஒரு நட்டு கழன்றால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இதே 'டப்' கத்திப்பாரா மேம்பாலத்து இறக்கத்தில் கேட்டிருந்தால் நண்பரை நினைவுகூர்ந்து நான் வேறு மாதிரி கட்டுரை எழுதியிருப்பேன்.

* * *

கடைசியில் விஷயத்தை உடைத்தவர் புதுப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்தில் லேத் வைத்திருக்கும் ஒரு பாய். எழுபது வயசு இருக்கும். நட்டை வாங்கி வெர்னியரில் பிடித்தார். ஹோஸ் வாயில் இன்னொரு தடவை பிடித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தம்பி, இது ஒன்பதரை. அது பத்து. ஒன்பதரையும் பத்தும் ஒண்ணா?"

"அரை மில்லிதானே பாய்?"

"அரை மில்லிதான். உன் மூக்குக்கும் முன்னாடி நிக்கிற லாரிக்கும் நடுவுல அரை மில்லி இருந்தா உனக்குப் போதுமா?"

சமாசாரம் இதுதான். ஹெரால்டு பிரிட்டிஷ் வம்சம், இஞ்ச் கணக்கு. அதன் பைப் நட்டு 3/8 இஞ்ச், அதாவது 9.5 மில்லிமீட்டர். இஞ்சுக்கு 24 மரை. மாருதி ஜப்பானிய வம்சம். 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர். இஞ்சுக்கு 24 என்பதைக் கணக்குப் போட்டால் மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்பதரை பத்துக்குள் சுகமாகப் போகும். மரைகளின் நுனி மட்டும் நுனியைத் தொட்டுக்கொண்டு, இறுகியது போல பாவலா காட்டும். அமுக்கினால் கழன்றுவிடும். நம் ஊரில் 'மரை கழன்ற கேஸ்' என்று ஒருவரைச் சொல்வார்களே, அதன் முழு அர்த்தம் நண்பருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஏமாற்று வேலையின் உச்சம் என்னவென்றால், குழாயின் பருமன் இரண்டு வண்டியிலும் ஒன்றுதான். 3/16 இஞ்ச், சுமார் 4.75 மில்லிமீட்டர். அதனால்தான் எல்லோரும் 'அதே பைப்தானே' என்று விழுகிறார்கள்.

குழாய் முனையின் உருவமும் வேறு. பிரிட்டிஷ் பக்கத்தில் முனை காளான் மாதிரி உப்பியிருக்கும். ஜப்பான் பக்கத்தில் புனல் மாதிரி உள்வாங்கியிருக்கும். காளானைப் புனலின் இடத்தில் வைத்து எவ்வளவு முறுக்கினாலும் சரியாக உட்காராது. கசிவைத் தடுப்பது இந்த முனைதான், மரை இல்லை. மரையின் வேலை முனையை அழுத்திப் பிடிப்பது மட்டும். ஆகவே வெள்ளை டேப் சுற்றுவது, ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் அது வேறு வம்பு.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் ஐம்பது பைசா இடித்தால் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவோம். ஆடிட்டரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். பாயின் லேத்தில் அந்த வசதி கிடையாது. ரவுண்ட் ஆஃப் செய்த அரை மில்லிமீட்டரை 1000 பவுண்டு அழுத்தம் வந்து ஆடிட் செய்துவிடும்.

* * *

வழி என்ன? ஒரு முனையில் இஞ்ச் நட்டு, மறு முனையில் மில்லிமீட்டர் நட்டு போட்ட குழாயை நாமே செய்துகொள்வதுதான். ஒரு பக்கம் காளான், மறு பக்கம் புனல். இரண்டு வீட்டு பாஷையும் பேசுகிற கல்யாணத் தரகர் மாதிரி. கடையில் கிடைக்காது, செய்தால் உண்டு.

இஞ்ச் நட்டு ஒரு பாக்கெட்டும், செம்பும் நிக்கலும் கலந்த குழாய்ச் சுருள் ஒன்றும் நண்பர் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தார். முழு டிஸ்க் செட்டை நினைத்தால் இது சுண்டைக்காய்ச் செலவு. இந்தக் கலவையில் சுமார் 90 சதவிகிதம் செம்பு, 10 சதவிகிதம் நிக்கல். துருப் பிடிக்காது, கையால் வளையும், அதிர்வும் தாங்கும். வால்வோ கார்களில் 1976 முதலே இது உண்டு. கிடைக்காதவர்கள் விசாரப்பட வேண்டாம். கார் கம்பெனிகள் பல காலமாகப் போடுகிற 'பண்டி' குழாயே போதும். மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றுச் சுருட்டி செம்பால் பற்றவைத்தது. விறைப்பாக இருக்கும், வளைக்கக் கருவி வேண்டும், அவ்வளவுதான். மில்லிமீட்டர் நட்டுக்கு அலைச்சலே இல்லை. புது மாருதி பைப் ஒன்று வாங்கி, வெட்டி, நட்டை உருவிக்கொண்டார்.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் வாலிப வாசகர்களுக்காக, பாய் சொன்னதையும் நண்பர் பட்டதையும் சேர்த்துத் தருகிறேன்:

கடைக்குப் போகும்போது கார் பெயரைச் சொல்லாதீர்கள். இரண்டு முனை நட்டையும் கையில் கொண்டுபோய் வெர்னியரிலும் மரை கேஜிலும் அளந்து, அளவைச் சொல்லிக் கேளுங்கள். பையனுக்கு ஹெரால்டு தெரியாது, ஆனால் '3/8, இருபத்து நாலு மரை' தெரியும்.

கட்டுக்கம்பியைப் பழைய குழாய் போன வழியிலேயே வளைத்து நீளம் பாருங்கள். பழைய குழாயையே திரும்பப் போட வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐம்பது வருஷக் குழாய் வெளியே மாப்பிள்ளை மாதிரி இருந்தாலும் உள்ளே துரு. போதாக்குறைக்கு, ட்ரம்மில் சுற்றுகிற ட்ரம்மே ஷூவை இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த ஓசி உதவி கிடையாது. ஆகவே குழாய்க்குள் முன்னைவிட அதிக அழுத்தம் வரும்.

முனையை விரிப்பதற்கு முன்னால் இரண்டு நட்டையும் குழாயில் கோத்துவிடுங்கள். விரித்த பிறகு நட்டு ஏறாது. சிரிக்காதீர்கள், பெரிய பெரிய மெக்கானிக்குகளே நட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள்.

குழாய் எட்டவில்லை என்றால் நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். புதிதாக வெட்டுங்கள்.

ஹோஸ் நீளத்தைச் சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. ஸ்டியரிங்கை முழு இடது, முழு வலது ஒடித்துப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டும் பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது, டயரில் உரசக் கூடாது.

ட்ரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்துவைக்கிற வால்வு இருக்கலாம். ட்ரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு வந்தால் மிதிக்காமலேயே பிரேக் பிடித்துக்கொண்டு சூடாகும். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து ஏர் எடுத்த பிறகு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு வெள்ளைக் காகிதம் போட்டு, எஞ்சினை நிறுத்திய நிலையில் ஒரு நிமிஷம் பெடலைப் பலங்கொண்ட மட்டும் மிதித்துப் பிடியுங்கள். காகிதத்தில் ஒரு பொட்டு விழுந்தாலும் வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது. விழவில்லை என்றால் முதலில் காலி மைதானம், அதுவும் நடை வேகத்தில்.

* * *

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர் ப்ளேட் வாங்கலாம். ஆனால் வண்டி பழைய உருவம் மாறாமல் இருக்க வேண்டும். அந்த ஆசை உள்ளவர்கள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். நண்பர் கழற்றிய ட்ரம், ஷூ எல்லாவற்றையும் துடைத்துச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம் என்று.

ஹெரால்டு இப்போது மிதித்த இடத்தில் நிற்கிறது. போன மாதம் பழைய கார் பிரியர் ஒருவர், நரைத்த மீசைக்காரர், குனிந்து முன்சக்கரத்தை உற்றுப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டே? அறுபத்தாறுல மவுண்ட் ரோட்டுல ஹெரால்டு ஓட்டினவன் நான். அப்ப இந்த டிஸ்க்கா இருந்துச்சு?"

நண்பர் பவ்யமாகச் சொன்னார்: "அப்ப மவுண்ட் ரோட்டுல இவ்வளவு பேர் குறுக்கே வரலை சார்."